புது மியூசிக் பிளேயருக்குக் காத்திருக்கலாமா? ஒரு பாட்டு டீச்சர் சொல்லும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் அங்கேயும் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று வந்து ஒரு பிள்ளை வர்ணத்தைத் தொட்டதும் பெற்றோரைக் கூப்பிட்டு ஒன்று சொல்வேன்: பாடுகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் கேட்க வேண்டும். கேள்வி ஞானம் இல்லாமல் நொட்டேஷனை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டு வராது.

அப்போதுதான் பிளேயர் பேச்சு வரும். போனைப் பிள்ளை கையில் கொடுக்க மனமில்லை, தனியாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவாகும். மறுவாரமே, "மிஸ், தீபாவளிக்குப் புது மாடல் வருதாம், அதுவரைக்கும் நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். தீபாவளி போய்ப் பொங்கல் வந்தாலும் பிளேயர் வந்திருக்காது. பிள்ளை கேட்காமல் போன அந்த மாதங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் மனசு ஆறாத விஷயம். அதனால் வாங்குவதா, காத்திருப்பதா என்று எப்படி முடிவு செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் புது மாடலை மறந்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்து, இப்போது கையில் இருப்பதை வைத்துக்கொண்டு உங்களால் எது முடியவில்லை என்று எழுதுங்கள். "நல்ல சவுண்டு வேண்டும்" என்று எழுதினால் போதாது. எது, எப்போது, எங்கே முடியவில்லை என்று எழுத வேண்டும்.

என்னிடம் தோடி வர்ணம் படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு சங்கதியை, அதாவது ஒரு சின்னப் பாட்டுத் துண்டை, திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லியிருந்தேன். அம்மாவின் போனில் கேட்கிறாள். சங்கதி முடிந்ததும் திரையில் விரலை வைத்துப் பின்னால் இழுக்கிறாள், பல்லவிக்கே போய்விடுகிறது. முன்னால் தள்ளினால் சங்கதியைத் தாண்டிவிடுகிறது. சரியான இடத்தில் நிறுத்தும் நேரத்தில் மேலிருந்து வாட்ஸப் செய்தி ஒன்று இறங்கி வந்து பாதித் திரையை மறைக்கிறது. அந்தச் செய்தியைத் தள்ளப்போய் அதையே திறந்துவிடுகிறாள். பத்து நிமிடத்தில் அந்தச் சங்கதி அவள் காதில் முழுசாக விழுந்தது நாலைந்து தடவைதான் இருக்கும். ஏ-பி ரிப்பீட் உள்ள சின்ன பிளேயரில் சங்கதி ஆரம்பிக்கும்போது ஒரு அழுத்து, முடியும்போது ஒரு அழுத்து. அப்புறம் அதுபாட்டுக்கு அந்தத் துண்டையே சுற்றிச் சுற்றிப் பாடும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி கேட்கலாம். அவள் தாளில் எழுத வேண்டியது "ஏ-பி ரிப்பீட் வேண்டும், மெசேஜ் வரக்கூடாது". இந்த வசதி மலிவான பிளேயர்கள் பலவற்றில் பல வருடமாகவே இருக்கிறது. இதற்காக எந்தப் புது மாடலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு குறை, போன் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடது பக்கம், கேட்பதே இல்லை. வலது பக்கமான வலந்தலைதான் டக் டக் என்று கேட்கிறது. தம்புராவின் மந்தர சட்ஜமும் (கீழ் ஸ்தாயி 'ஸ') அப்படித்தான். ஐந்து கட்டை சுருதியில் மந்தர சட்ஜம் சுமார் 98 ஹெர்ட்ஸ். கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்தில் சத்தம் எழுப்பும் சக்தி கிடையாது. இது பிளேயரால் தீரும் குறையும் இல்லை. நல்ல வயர் ஹெட்போன் ஒன்று வாங்கினால் இன்றைக்கே தீர்ந்துவிடும். போனில் ஹெட்போன் துளை இல்லை என்றால், டைப்-சி முனையில் செருகும் சின்ன டாங்கிள் கிடைக்கிறது. பிளேயர் வாங்குவதைத் தள்ளிப்போடத்தான் வேண்டும் என்றால், அந்த இடைவெளிக்கு இதுவே போதும்.

மூன்றாவது குறை, ராகம் தானம் பல்லவி கேட்பவர்களுக்கு. சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சில பிளேயர்கள் அரை நொடி மௌனமாகிவிடும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அந்த அரை நொடி விழுந்தால் தாளமே உடைந்துபோகிறது. இடைவெளி இல்லாமல் பாடும் வசதிக்கு 'கேப்லெஸ்' என்று பெயர். எம்பி3 கோப்பு தயாராகும்போதே தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை. கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டும்போது இதைத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.

இடம் போதவில்லை என்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. இரண்டரை மணி நேரக் கச்சேரி 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு 128 கிலோபிட்) எம்பி3-ஆக இருந்தால் சுமார் 144 எம்பி. 320 என்றால் 360 எம்பி. சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் என்றால் ஏறக்குறைய 1 ஜிபி. 32 ஜிபி கார்டில் முதல் வகைக் கச்சேரிகள் இருநூற்றுக்கு மேல் அடங்கும், கடைசி வகை முப்பதுதான். பழைய கேசட்டிலிருந்தும் வானொலியிலிருந்தும் பதிவு செய்த கச்சேரிகளை சிடியைவிட நுணுக்கமான பதிவுகளையும் பாடும் 'ஹை-ரெஸ்' பிளேயரில் போட்டால் புதிதாக எதுவும் வந்துவிடாது. கேசட்டில் இல்லாத சத்தத்தைப் பிளேயரால் உண்டாக்க முடியாது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட பதிவுகள் என்றால், விளம்பரத்தில் வரும் பெரிய எண்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, தாள் தயார். இனி "வரப்போகுதாம்" என்ற செய்தியை எடைபோடுவோம்.

செய்தியில் மூன்று தரம் உண்டு. யூடியூப்பில் ஒருவர் "வரலாம்" என்று சொல்வது முதல் தரம். அதை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசுப் பதிவில் பெயர் வந்திருப்பது இரண்டாம் தரம். ப்ளூடூத், வைஃபை உள்ள கருவியை அமெரிக்காவில் விற்க எஃப்.சி.சி. என்ற அரசு அமைப்பின் ஒப்புதல் வேண்டும், இந்தியாவில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதல் வேண்டும். அங்கே பெயர் தென்பட்டால் பொருள் உண்மையில் தயாராகிறது என்று அர்த்தம். மூன்றாம் தரம், கம்பெனியே தேதியும் விலையும் அறிவிப்பது. அதிலும் நமக்கு வேண்டியது இந்தியத் தேதியும் ரூபாய் விலையும். ஜப்பானில் அறிவித்த அன்றே புதுச்சேரி நேரு வீதிக் கடையில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நடுவில் மாதங்கள் ஓடும், சில மாடல்கள் இந்தியாவுக்கு வராமலே போகும்.

அந்தக் கம்பெனி இதற்குமுன் எத்தனை வருட இடைவெளியில் புது மாடல் விட்டது என்பதையும் பாருங்கள். இது ஊகத்தைவிட நல்ல வழிகாட்டி. சோனி வாக்மேனில் ஏ100 வரிசை 2019 இறுதியில் வந்தது. அடுத்த ஏ300 வரிசை 2023 ஜனவரியில்தான் அறிமுகமானது. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல். ஒரு மாடல் வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்போது அடுத்ததற்குக் காத்திருப்பது பயனில்லாத வேலை. மூன்று வருடம் தாண்டிவிட்டது, கடைகளில் பழையது கிடைப்பதும் குறைகிறது என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஐபாட் டச் 2015-இல் ஒன்று, 2019-இல் ஒன்று வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு 2022 மே மாதம் வந்தது ஐபாட்டையே நிறுத்திவிட்டோம் என்ற அறிவிப்பு. 160 ஜிபி ஐபாட் கிளாசிக் அதற்கும் முன்னால், 2014-லேயே போய்விட்டது. இந்தச் சந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதை மனதில் வையுங்கள். போன் என்றால் வருடா வருடம் புதிது வரும், தனி பிளேயருக்கு அந்த நிச்சயம் இல்லை.

"காத்திருந்தால் விலை குறையும்" என்பது அடுத்த நம்பிக்கை. பல சமயம் குறையும். ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி வரும் ஆன்லைன் தள்ளுபடிகள் உண்மையானவை. புது மாடல் வந்ததும் பழையதின் விலை இறங்குவதும் உண்மை. ஆனால் 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபெயோகா என்ற ஊரில் ஆசாகி கசெய் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் டாக் சிப்புகளை உலகம் முழுவதும் பல பிளேயர் கம்பெனிகள் அங்கேயிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தன. தீக்குப் பிறகு சிப் தட்டுப்பாடு. ஃபியோ போன்ற பிளேயர் கம்பெனிகள் வேறு சிப் வைத்து மாடலையே மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் "அடுத்த மாதம் மலிவாகும்" என்று காத்திருந்தவர்களுக்கு விலை ஏறியதுதான் மிச்சம். அதனால் விலைக்காகக் காத்திருப்பதாக இருந்தால், காலண்டரில் இருக்கிற ஒரு தேதிக்காக மட்டும் காத்திருங்கள். ஆயுத பூஜை வரும் என்று நிச்சயமாகத் தெரியும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று

அங்கே நான் போகும் வீடுகளில் பாரீஸில் சித்தப்பாவோ அத்தையோ இல்லாத வீடு குறைவு. "ஆகஸ்ட் லீவுக்கு மாமா வர்றாங்க, அவங்ககிட்ட சொல்லிடலாம் மிஸ்" என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். பிரான்ஸில் 1990-களிலேயே கையடக்க பிளேயர்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. 2002-இல் ஐபாட்டின் விற்பனையையே அங்கே கொஞ்ச காலம் நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து மென்பொருளை மாற்றிய பிறகே விற்றார்கள். 2013 முதல் ஐரோப்பா முழுவதும், சாதாரணமாக 85 டெசிபல், எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் அதிகபட்சம் 100 என்று விதி இருக்கிறது. அதனால் ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்களில் வால்யூம் கட்டுப்பாடு இருக்கும். பெட்டியில் வரும் சின்ன இயர்போனுக்கு அது போதும். காதை முழுவதும் மூடும், அதிக ஓம் (மின்தடை) கொண்ட பெரிய ஹெட்போனைச் செருகினால் முழு வால்யூமிலும் சத்தம் மெலிந்து கேட்கும். பழைய வானொலிப் பதிவுகள் ஏற்கெனவே சன்னமாகத்தான் இருக்கும். அவற்றைக் கேட்பவர்களுக்கு இது பெரிய குறை.

பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் இதே கட்டுப்பாட்டை நான் வரவேற்பேன். பாடுகிறவருக்குக் காதுதான் மூலதனம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை பெரியவர்கள் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். கடலூர் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டினால் ஏர் ஹார்னும் சினிமாப் பாட்டும் சேர்ந்துகொள்ளும். அதை மீறிக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றுவதைவிட, காதை நன்றாக அடைக்கும் இயர்போனுக்குச் செலவழிப்பது மேல்.

மாமாவிடம் சொல்லும்போது இன்னும் இரண்டு விஷயம். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அப்புறம், நேரில் கொண்டுவரட்டும்; பார்சலில் 'பரிசு' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற காலம் 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கட்டித்தான் எடுக்க வேண்டும். அவர் வரும் தேதி உறுதி, உங்கள் குறைக்கு அந்த மாடல் பொருந்துகிறது, வால்யூம் கட்டுப்பாடு ஒரு பிரச்சினை இல்லை என்றால் ஆகஸ்ட் வரை தாராளமாகக் காத்திருக்கலாம்.

கடற்காற்றும் கரண்ட்டும்

நம் ஊரில் பிளேயரைத் தீர்த்துக்கட்டுவது உப்புக் காற்றுதான். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருக்கும் ஒரு மாணவனின் பிளேயரை வாங்கிப் பார்த்தேன். ஹெட்போன் பின்னைச் செருகினால் இடது காதில் மட்டும்தான் கேட்கும். கட்டைவிரலால் பின்னை மெல்லத் திருப்பினால் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு வலது காதும் திறக்கும். விரலை எடுத்தால் மறுபடி போய்விடும். அந்தப் பின்னின் உலோகத்தில் பச்சையாக ஒரு படலம். துளைக்குள்ளும் அதேதான். பின்னை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பலமுறை செருகி எடுத்ததும் இரண்டு காதும் வந்துவிட்டது. அவன் வீட்டில் புது மாடலுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பழைய பிளேயரில் உள்ள குறை இப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி மட்டும் ஓய்ந்திருந்தால், மாற்றித் தரும் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். லித்தியம் பேட்டரி சுமார் 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஆனபிறகு தளர்வது இயல்பு. வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். பேட்டரி போனதால் பிளேயரே போய்விட்டது என்று ஆகாது.

கரண்ட் விஷயத்தையும் நம் ஊர்க்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது பல நாள் இருட்டில் இருந்தோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் வந்தபோதும் கரண்ட், நெட்வொர்க் இரண்டும் கைவிட்டன. இணையத்தில் மட்டும் பாட்டுக் கேட்பவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது. கார்டில் பாட்டு ஏற்றிய, நீண்ட நேரம் சார்ஜ் நிற்கும் பிளேயர் அப்போது பெரிய துணை. இதில் புது மாடல்கள் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன. சோனி ஏ100-இல் 26 மணி நேரம் என்றிருந்தது, ஏ300-இல் 36 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. உங்கள் தாளில் 'சார்ஜ் நிற்கவில்லை' என்று இருந்தால் அது காத்திருக்கத் தகுந்த காரணம்.

ஆண்ட்ராய்டு உள்ள பிளேயரா, சாதாரணமானதா என்பதும் இந்த முடிவை மாற்றும். ஆண்ட்ராய்டு பிளேயரில் இணையப் பாட்டுச் செயலிகளைப் போடலாம். ஆனால் கம்பெனிகள் இவற்றுக்கு புது ஆண்ட்ராய்டு பதிப்புகளைக் கொடுப்பது அரிது. சில வருடத்தில் செயலி "இந்தக் கருவியில் இயங்காது" என்று சொல்லிவிடும். எனவே ஆண்ட்ராய்டு பிளேயர் வேண்டும் என்பவர்கள், இரண்டு மூன்று வருடப் பழைய மாடலைத் தள்ளுபடிக்காக வாங்குவதைவிடப் புதிதுக்குப் பொறுப்பது சரி. கார்டில் இருக்கும் கோப்பை மட்டும் பாடும் சாதாரண பிளேயருக்கு இந்தக் கவலையே இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய மாடல் என்றாலும் எம்பி3-யும் ஃபிளாக்கும் அன்றுபோலவே பாடும். டைப்-சி துளை உண்டா, எத்தனை ஜிபி கார்டு ஏற்கும் என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுங்கள்.

தாத்தா பாட்டிக்கு வாங்குவதாக இருந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள். சரிகம காரவான் மாதிரி, பாட்டுகளோடே வரும், பெரிய குமிழ் உள்ள பெட்டி போதும். வயதான கைக்குத் தொடுதிரை ஒத்துவராது.

இவ்வளவையும் பார்த்தபிறகு பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான். புது மாடலுக்கு இந்தியத் தேதி அறிவித்திருக்க வேண்டும், அது இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தாளில் முதல் வரியாக எழுதிய குறையை அது தீர்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் காத்திருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். காத்திருப்பதென்று முடிவானால் தேதியைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதியில் பொருள் வராவிட்டால் மறு யோசனை இல்லாமல் இருப்பதை வாங்க வேண்டும். மார்கழிக்கு முன் வாங்கினால் நல்லது என்பது என் ஆசை. அந்த மாதம் முழுவதும் வானொலியிலும் இணையத்திலும் கச்சேரிகள் கொட்டும். பிள்ளையின் காதுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

வாங்கும்போது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த அல்லது இறக்குமதியான மாதம், ஆண்டைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் கடை அலமாரியில் சும்மா கிடந்த பிளேயரின் பேட்டரி அப்போதே ஓரளவு சோர்ந்திருக்கலாம். தள்ளுபடி விலைக்கு வரும் பழைய மாடல்களில் இது அதிகம். வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், நாலைச் சோதித்துவிடுங்கள்: கேப்லெஸ், ஏ-பி ரிப்பீட், கோப்பின் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வராமல் எழுத்தாகத் தெரிகிறதா, முழுச் சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது. பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்கள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். வாரண்டி முடியும்வரை எழுத்து நிற்காது.